தண்ணீர்ப் பானைக்கு எங்கே இடமோ, மண்புழுத் தொட்டிக்கும் அங்கேதான் இடம்

காட்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சமையலறைக் கழிவை உரமாக்க, மார்கழியில் இரண்டடுக்கு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் அரைக் கிலோ மண்புழுவும் வாங்கி மொட்டை மாடியில் வைத்தாராம். மாசி வரை ஒரு குறையும் இல்லை. பங்குனியில் புழுக்கள் மூடியில் ஏறி ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. இப்போது சித்திரையில், தினமும் காலையில் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து புழுக்கள் காய்ந்து கிடக்கின்றன. “வேலூர் வெயிலை மண்புழு தாங்காது, மழைக்காலத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்று விற்றவரே சொல்லிவிட்டாராம். அது உண்மையா, கத்திரி வெயிலில் வளர்க்கவே முடியாதா, மே மாதக் கடைசியில் பத்து நாள் ஊருக்குப் போக வேண்டும், அப்போது என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

உண்மையில்லை, சகோதரி. வளர்க்க முடியும். நான் இதே வட ஆற்காட்டு மண்ணில், சத்துவாச்சாரிப் பக்கம், பல கோடைகளாக ஒரே புழுக்கூட்டத்தின் வழிவந்தவற்றை வைத்திருக்கிறேன். ஆனால் முதல் கோடையில் எல்லாவற்றையும் கொன்றவனும் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் இரக்கப்பட்டு அதே காரியத்தைச் செய்துவிடக்கூடும்.

அப்போது என் தொட்டியும் மாடியில்தான் இருந்தது. ஒரு மே மாத மதியம் இரண்டு மணி இருக்கும். தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பாவம் தவிக்கின்றனவே என்று மாடிக் குழாயைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து அப்படியே ஊற்றினேன். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தண்ணீர் அது. வாளியில் விழும்போது கையில் படவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. மாலையில் மூடியைத் திறந்தபோது ஒரு புழுவும் அசையவில்லை. வெந்துபோயிருந்தன. வெயில் அவற்றைக் கொல்லவில்லை, நான் ஊற்றிய தண்ணீர் கொன்றது. கோடையில் மாடித் தொட்டியின் குழாய்த் தண்ணீரை மண்புழுவுக்கு நேராக ஊற்றவே கூடாது. இரவே ஒரு மண்பானையிலோ குடத்திலோ பிடித்து வீட்டுக்குள் வைத்து, மறுநாள் அதைத் தெளியுங்கள். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் அதுவும் இப்படித் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இனி, உங்கள் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. தோலின் ஈரத்தில் கரையும் காற்றைத்தான் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். சூடு ஏறும்போது ஈரம் ஆவியாகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தில் கரைந்து நிற்கும் காற்றின் அளவும் குறைகிறது. அதே நேரத்தில் பெட்டியிலுள்ள காய்கறிக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சூட்டில் சுறுசுறுப்பாகி, இருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு, தங்கள் பங்குக்கு வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. எருக்குழியில் பச்சைச் சாணத்தைக் குவித்தால் உள்ளே கை வைக்க முடியாமல் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய குவியலில் அந்தச் சூடு 60 டிகிரி வரைகூடப் போகும். உங்கள் பெட்டி சிறியதுதான் என்றாலும், வெளியே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே ஐந்தாறு டிகிரி கூடினாலே போதும், புழுவுக்கு முடிந்தது கதை. மூடியில் ஏறி ஒட்டிக்கொண்டவை ஓடிப்போக நினைக்கவில்லை. மூச்சுக்காக மேலே வந்தவை அவை.

ஆகவே கோடையில் மண்புழுவைக் கொல்வது பெரும்பாலும் வெயில் மட்டும் அல்ல. வெயிலோடு சேர்ந்து நாம் போடும் அளவு மீறிய தீனி, பெட்டி நிற்கும் காங்கிரீட் தளம், காற்றுப் புகாத பிளாஸ்டிக் சுவர் ஆகிய மூன்றும் கைகோத்துத்தான் கொல்கின்றன. இந்த மூன்றும் நம் கையில் இருப்பவை.

இடத்திலிருந்து தொடங்குங்கள். இன்றைக்கே பெட்டியை மாடியிலிருந்து இறக்குங்கள். நிழல்வலை கட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நம் ஊரைச் சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகளும் நம் தளங்களும் இரவு முழுக்கத் திருப்பித் தருகின்றன. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், புரியும். நிழல்வலை மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும், கீழிருந்து ஏறும் சூட்டைத் தடுக்காது.

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் குடிதண்ணீர்ப் பானையை எங்கே வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வடக்குப் பக்கத்து நடையில், சுவரோரமாக, தரையில் மணலைக் கொட்டி அதை நனைத்து, அதன்மேல் பானை. வெயில் படாது, காற்று வரும், பானையிலிருந்து கசியும் நீர் காற்றில் உலர உலர உள்ளே குளிரும். மண்புழுவுக்கும் அதே இடம்தான், அதே உபாயம்தான். வீட்டின் வடக்குச் சுவரோரம், மாடிப்படிக்குக் கீழ், பாத்திரம் தேய்க்கும் பின்கட்டு, புங்கமரமோ வேப்பமரமோ இருந்தால் அதனடி, இவற்றில் எது உங்கள் வீட்டில் இருக்கிறதோ அது. அடுக்குமாடி வீடாக இருந்தால் குளியலறைக்குப் பக்கத்தில் காற்று வந்துபோகும் ஒரு மூலை. பெட்டியைத் தரையில் நேராக வைக்காமல் நான்கு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கீழேயும் காற்று ஓட வேண்டும்.

இங்கே நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. நம்மூர் வெயிலைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. வேலூரின் கோடை உலர்ந்த கோடை. கடலோரத்தில் இருக்கிற புழுக்கம் இங்கே மதியத்தில் இருப்பதில்லை. காற்று 41 டிகிரியும் அதன் ஈரப்பதம் 25 சதவீதமும் இருக்கும்போது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 25 டிகிரி வரை இறங்கக்கூடும். கடற்கரை ஊரில் காற்று 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதே ஈரத்துணி 30 டிகிரிக்குக் கீழே போகாது. அதாவது, ஈரச் சாக்கு போர்த்திய தொட்டியைப் பொறுத்தவரை நம் ஊர் சென்னையைவிட நல்ல ஊர். அந்த 25 டிகிரியை நாம் முழுதாக எட்ட மாட்டோம். ஆனால் 30, 31-இல் தொட்டியை நிறுத்த முடியும், புழு பிழைக்க அது போதும்.

எனவே கோணிச் சாக்குதான் நமக்கு இந்த இரண்டு மாதத்தின் பெரிய கருவி. பழைய சணல் சாக்காக இருக்கட்டும். பிளாஸ்டிக் நார்ச் சாக்கு உதவாது, அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளாது. இரண்டு மடிப்பாக மடித்துப் படுக்கையின்மேல், அதாவது பெட்டிக்குள் புழு வாழும் நார்க்கழிவு அடுக்கின்மேல், நேராகப் போர்த்துங்கள். இன்னொன்றைப் பெட்டியின் வெளிச்சுவரைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழ்நுனி ஒரு தட்டுத் தண்ணீரில் தொடும்படி வையுங்கள். சாக்கு அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். காலை ஆறரைக்கு ஒரு முறையும் மாலை ஆறுக்கு ஒரு முறையும் சாக்கை நனையுங்கள். கத்திரி உச்சத்தில் பதினொரு மணிக்கு இன்னொரு முறை, வீட்டுக்குள் இருந்த தண்ணீரால். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள், ஆவணிக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அந்த மூடி இருக்கும்வரை ஆவி வெளியே போகாது. ஆவி போகாவிட்டால் குளிர்ச்சியும் வராது.

ஓர் எச்சரிக்கை. கோடையில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் இடத்தைத் தேடி வருவது புழு மட்டும் அல்ல. பூரானும் தேளும் வரும். காலையில் சாக்கை வெறுங்கையால் தூக்காதீர்கள். ஒரு குச்சியால் ஒரு முனையைத் தூக்கி, பார்த்துவிட்டுக் கை வையுங்கள். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால் இதைச் சொல்லிக்கொடுத்த பிறகே கொடுங்கள்.

எறும்பும் அப்படித்தான். ஈரம் தேடி வரும் சிவப்பெறும்பு ஒரே இரவில் படுக்கையில் குடியேறிவிடும். மருந்துப் பொடி எதையும் அருகில் தூவக் கூடாது, அது புழுவுக்கும் விஷம். செங்கல்லுக்குப் பதிலாக நான்கு கால் உள்ள பழைய ஸ்டூலில் பெட்டியை வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் நிறுத்திவிட்டால் எறும்பு ஏறாது. படுக்கையில் எறும்பு புற்றுக் கட்டியிருந்தால் படுக்கை காய்ந்துவிட்டது என்று பொருள். நன்றாக நனையுங்கள், அவை தாமாகக் கிளம்பும்.

அடுத்தது தீனி. இதில்தான் நீங்கள் அதிகம் தவறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் தவறுகிறோம். நல்ல பருவத்தில் மண்புழு ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறையப் பாதி அளவு தின்னும். உங்கள் அரைக் கிலோவுக்குக் கால் கிலோ கழிவு சரி. வெயில் ஏறியதும் அது சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். நமக்கே மே மாதத்தில் கஞ்சியும் மோரும்தானே இறங்குகிறது! நாம் மட்டும் பழைய அளவையே கொட்டிக்கொண்டிருந்தால், புழு தின்னாத மிச்சத்தை நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும், புளிக்கும், சூடேறும், நாறும். கத்திரி முடியும்வரை அளவை மூன்றில் ஒன்றாக்குங்கள். உங்கள் கணக்கில் அது தினம் ஒரு பெரிய கைப்பிடி, அவ்வளவுதான். நான் தினமும் போடுவதுகூட இல்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை, முந்தையது தீர்ந்ததைப் பார்த்த பிறகே போடுகிறேன்.

எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். பெட்டி முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு மூலையில் மட்டும் போடுங்கள், அடுத்த முறை எதிர்மூலையில். ஒரு மூலை சூடேறினால் புழு மறுபக்கம் போய் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். முழுக்கப் பரப்பிவிட்டால் அதற்குத் தப்பும் வழி கிடையாது.

கோடைச் சமையலறையில் வேறு சில சிக்கல்கள். எலுமிச்சை பிழிந்த தோல் மலைபோல் சேரும். அதைத் தொட்டியில் போடாதீர்கள், புளிப்பு ஏறும். மாங்காய் ஊறுகாய் போடும் நாளில் உப்பு பட்ட துண்டுகள் வேண்டவே வேண்டாம். மாம்பழத் தோல் போடலாம், ஆனால் கொஞ்சமாக, சாக்குக்கு அடியில் புதைத்து. இல்லையென்றால் பழ ஈ மொய்த்துவிடும். பிரியாணி மிச்சம், கறி, மீன், எண்ணெய் எதுவும் கூடாது. ஆனால் ஆம்பூர்ப் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காயின் காம்பும் நறுக்கிய ஓரமும் போடலாம், புழு விரும்பித் தின்னும். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மாதம் இரண்டு ஸ்பூன் தூவினால் புளிப்பு அடங்கும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பீடி சுற்றும் வீடுகளில் மிஞ்சும் இலைத் துண்டுகளைக் காய்ந்த இலைதானே என்று தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் புகையிலைத் தூள் மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு.

கோடையில் நான் கொடுக்கும் நல்ல தீனி தர்ப்பூசணிப் பட்டை. சிவப்புச் சதையை நாம் தின்றுவிட்டு, பட்டையை இரண்டு விரல் அகலத் துண்டாக்கி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் பதினொரு மணிக்கு ஒரே ஒரு துண்டைப் படுக்கையின்மேல் கவிழ்த்து வைக்கிறேன். உருக உருகக் குளிர்ச்சி, பிறகு ஈரம், பிறகு உணவு. சாயங்காலம் அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கும். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். தர்ப்பூசணி இல்லாத நாளில் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி மேலே படுக்க வையுங்கள். 42 டிகிரி அடிக்கும் நாட்களுக்கு மட்டும் இது போதும்.

படுக்கைக்கு வருவோம். கடையில் தந்த நார்க்கழிவு மட்டும் இருந்தால் கோடைக்குப் போதாது. தென்னை நார்க்கழிவு தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், அடியில் மட்டும் சொதசொதவென்று நிற்கும். வாழைமட்டை சேருங்கள். வாழையைப்போல் தண்ணீரைச் சுமக்கும் மரம் நம் கையருகே வேறொன்று இல்லை. வைகாசி கல்யாண மாதம். மண்டப வாசலில் கட்டிய வாழைமரங்களை மறுநாள் காலையில் குப்பைக்குத்தான் அனுப்புகிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவார்கள். நேதாஜி மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, நெடுக்காகப் பிளந்து, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையில் பதியுங்கள். கடும் வெயில் நாளில் புழுக்கள் அந்தக் குழிவுக்குள் போய் அடைக்கலம் புகும். அந்த மட்டையே ஒரு மாதத்தில் உரமாகிவிடும்.

சாணம் சேர்ப்பதாக இருந்தால் பச்சையாகச் சேர்க்காதீர்கள். நிழலில் பதினைந்து இருபது நாள் ஆறிய சாணம், கையில் எடுத்தால் சூடும் நாற்றமும் இல்லாத சாணம்தான் வேண்டும். மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: சமீபத்தில் குடற்புழு மருந்து கொடுத்தாரா என்று. கொடுத்திருந்தால் அந்த மாட்டின் சாணத்தைச் சில வாரங்களுக்குத் தொடாதீர்கள். குடற்புழுவைக் கொல்லும் மருந்து சாணத்தோடு வந்து மண்புழுவையும் பாதிக்கக்கூடும்.

ஈரம் எவ்வளவு என்பதற்குக் கருவி தேவையில்லை. படுக்கையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம். ஒன்றும் வராவிட்டால் உடனே தெளியுங்கள். சூட்டுக்கும் கையே போதும். நடுப்படுக்கையில் விரலை நுழையுங்கள், குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். நம் தோலின் சூடு 33, 34 டிகிரி இருக்கும். விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது என்றால் படுக்கை அதையும் தாண்டிவிட்டது, புழுவுக்கு ஆபத்து. அப்போது தீனியை முழுதாக அள்ளி வெளியே எடுங்கள், படுக்கையைக் கையால் லேசாகக் கிளறிக் காற்றாட விடுங்கள், பிறகு தெளியுங்கள். கிளறாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் சூடான சேறுதான் மிஞ்சும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பாலாற்றங்கரை மக்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. இன்றும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு கரிக்கிறது. கோடையில் அந்த உப்பு பெட்டிக்குள் குவியும், எப்படியென்றால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. தினம் இரண்டு வேளை உப்புத்தண்ணீர் தெளித்தால் இரண்டு மாதத்தில் படுக்கை உப்பளமாகிவிடும், ஈரத்தோலோடு வாழும் உயிருக்கு அது தீக்காயம்போல. உங்கள் குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெளிச்சாக்கை நனைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். படுக்கைக்குள் தெளிக்கக் குடிதண்ணீர் எடுங்கள், ஒரு வேளைக்கு ஒரு சொம்புக்கு மேல் தேவைப்படாது. அரிசி கழுவிய முதல் தண்ணீரும் நல்லது. சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள், உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பெட்டி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முடிந்தால் அடுத்த ஆண்டுக்குள் பிளாஸ்டிக்கிலிருந்து மண்ணுக்கு மாறுங்கள். அகன்ற வாயுள்ள, மெருகு பூசாத, சுட்ட மண்தொட்டி. காட்பாடிக்குப் பக்கத்திலேயே கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், ஆனால் அங்கே செய்யும் பளபளப்பு மெருகு பூசிய பாண்டங்கள் அலங்காரத்துக்கு அழகு, புழுவுக்கு ஆகாது. மெருகு பூசினால் பானை மூச்சு விடாது. ஓரடி ஆழம் போதும். அடியில் நான்கு துளை, துளைமேல் ஓட்டுச் சில்லு, அதன்மேல் இரண்டு விரல் மணல். தொட்டிக்கு வெளியே ஈரமணல் குவித்து வைத்தால் சாக்கு வேலையில் பாதி மிச்சம்.

இனி நீங்கள் வாங்கிய புழு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் விற்கப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே. பெரிதாக, ஊதா பளபளப்போடு இருக்கும். வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும், ஆனால் 25 டிகிரியை ஒட்டித்தான் அதற்குச் சுகம். 35 டிகிரியைத் தாண்டினால் கூட்டமாகச் சாகும். ஐசினியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவும் குளிர்தேசத்துப் பிள்ளை. இவற்றைக் காட்டிலும் நம் ஊர்ச் சாணக்குழியிலும் வாழைமரத்தடியிலும் தானாக இருக்கும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் வெயிலைச் சற்று நன்றாகத் தாங்கும். சென்னையின் மண்ணுயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழு வேண்டாம், உங்கள் மண்ணிலேயே புழு இருக்கிறது என்று பல்லாண்டுகளாக வலியுறுத்தி வந்திருக்கிறார். மேல்மட்டத்தில் வாழும் பெரியோனிக்ஸையும் சற்று ஆழம் போகும் லாம்பிட்டோ மாரிட்டியையும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு அவர் பெயர் பெற்றவர். என் தொட்டியில் இப்போது இருப்பவையும் உள்ளூர்ப் புழுக்கள்தான்.

அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அழைத்தால் வரும். மழைக்காலம் தொடங்கியதும், மண்புழுவின் சுருள் சுருளான எச்சம் தெரியும் ஈரமான இடமாகப் பாருங்கள். தோட்டமோ, கோயில் நந்தவனமோ, வாழைத்தோப்போ எதுவாக இருந்தாலும் சரி. அரைக் கிலோ வெல்லமும் அரைக் கிலோ பச்சைச் சாணமும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தெளியுங்கள். மேலே வைக்கோல் பரப்பி, பழைய சாக்கு போர்த்தி, இருபது முப்பது நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சாக்கைத் தூக்கினால் அந்த மண்ணின் புழுக்கள் கூடியிருக்கும். நேரில் கற்றுக்கொள்ள விரும்பினால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

இப்போது உங்கள் பெட்டியில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தெரியவில்லை. ஒன்றுமே கண்ணில் படாவிட்டாலும் படுக்கையைக் கொட்டிவிடாதீர்கள். இதுதான் நான் உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் விஷயம். செத்த புழு இரண்டொரு நாளில் கரைந்து மறைந்துவிடும், உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஆனால் அதன் முட்டைக்கூடுகள் படுக்கையில் இருக்கும். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, எலுமிச்சை வடிவத்தில், மஞ்சளோ பழுப்போ ஆன சிறு மணிகள். வளர்ந்த புழு தாங்காத வறட்சியை அந்தக் கூடு ஓரளவு தாங்கும். முதல் கோடையில் எல்லாம் செத்த பிறகு, எனக்குக் கொட்ட மனம் வரவில்லை. தொட்டியை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, ஈரச் சாக்கு போர்த்தி, தீனி எதுவும் போடாமல் தினம் தெளித்து மட்டும் வந்தேன். வீட்டில் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வாழைமட்டையைப் புரட்டியபோது, வெள்ளை நூல் துணுக்குகள்போல நாலைந்து நெளிந்தன. முதலில் வேறு ஏதோ புழு என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், நடுவே மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. குஞ்சுகள். ஆடி முடிவதற்குள் அவை முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிட்டன. ஆகவே ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

படுக்கை வழியாக வடியும் மண்புழு நீரைச் செடிகளுக்காக எடுப்பதையும் கத்திரி முடியும்வரை நிறுத்திவையுங்கள். அதற்காக அதிகம் தண்ணீர் விட்டு அடித்தட்டில் தேங்கவிட்டால் புழு மூழ்கும். பெட்டியின் அடியிலுள்ள குழாய் திறந்தே இருக்கட்டும். கோடை மழை ஒன்று திடீரென்று இடியோடு வந்தால் பெட்டி நிரம்பாமலும் அது காக்கும்.

கடைசியாக ஊருக்குப் போகும் பத்து நாள். தீனியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். படுக்கையையும் வாழைமட்டையையும் தின்றே மண்புழு மூன்று வாரம் இருக்கும். புறப்படும் நாளில் அன்பின் மிகுதியால் ஒரு வாரத் தீனியைச் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. போவதற்கு நான்கு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். முந்தைய மாலை படுக்கையை நன்றாகத் தெளித்து, நீரில் ஊறிய வாழைமட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் இரட்டைச் சாக்கு. அகலமான இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பிப் பெட்டியின் இருபுறமும் வைத்து, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, ஒரு முனை பாத்திரத்தின் அடியைத் தொட, மறுமுனை சாக்குக்கு மேல் கிடக்கும்படி போடுங்கள். பாத்திரம் பெட்டியைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும். திரி தடிமனாக இருந்தால் ஒரே நாளில் பாத்திரம் காலியாகிவிடும், ஆகவே சுண்டுவிரல் தடிமனில் முறுக்கி, போவதற்கு ஒரு வாரம் முன்பே வைத்துப் பார்த்து, எத்தனை நாள் வருகிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு வராது. நான்காம் நாளும் எட்டாம் நாளும் பாத்திரத்தை நிரப்பிவிட்டுப் போகும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். எந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு குடத்தில் பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிழலில் மூடிவைத்துவிட்டுப் போனால், அவர்கள் மாடிக் குழாயைத் திறக்க வேண்டிய தேவையே வராது.